ஐந்து கட்டங்களில் ஓர் உயிர்

மலைநாட்டுக் கணக்கேடுகள் – வரலாற்றுத் தொடர்: பகுதி 11

இதுவரை: கம்பளை வலஹாகொட தேவாலயத்தின் பெரஹெரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் கொட்டலாமா என்ற வழக்கில், கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914 ஜூனில் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே 28ஆம் திகதி, வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் முதல் கல் விழுந்தது. கல் தீயாகி, தீ ரயில் பாதை வழியே கொழும்புக்கு இறங்கியது.

சில நாட்களில் ஐந்து மாகாணங்கள் கலங்கின. தென்னிந்தியக் கரையோரத்திலிருந்து வந்து கடை வைத்திருந்த முஸ்லிம்களே முதல் இலக்கு. அரசுக் கணக்கின்படி 4,075 கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிந்தன. 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர்.

ஜூன் 2ஆம் திகதி ஆளுநர் சேர் ரொபர்ட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். முதலில் மேல் மாகாணமும் சப்ரகமுவவும். பின் மத்திய மாகாணம். அதாவது கண்டி, மாத்தளை, நுவரெலியா. அதாவது நமது மலையும்.

இந்த வாரம் நாம் பார்க்கப் போவது துப்பாக்கியை அல்ல, அதன் பக்கத்தில் கிடந்த பேனாவை.

*

துரையின் இரண்டு தொப்பிகள்

1915இல் நமது உடப்புசல்லாவைக்கு வர, நானுஓயாவில் பெரிய ரயிலிலிருந்து இறங்கி ராகலை வண்டியில் ஏற வேண்டும். நுவரெலியா, கந்தப்பளை வழியாக மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறிய அந்த இரண்டரை அடிப் பாதை போடப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. மேலே அரிசி வந்தது. கீழே தேயிலைப் பெட்டி போனது.

போர்க்காலத்தில் அந்த வண்டியில் சில துரைமார் காக்கிச் சட்டையோடு ஏறினார்கள். சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்ற தோட்டத்துரைமார் படை 1900இல் உருவானது. தலைமையகம் கண்டி. முதல் உலகப்போர் தொடங்கியதும், 1914 ஒக்டோபரில், மேஜர் ஹோல் பிரவுன் தலைமையில் இருநூறுக்கும் மேற்பட்ட துரைமார் எகிப்துக்குக் கப்பலேறினர். சுயஸ் கால்வாயிலும், பின்னர் கலிப்பொலியிலும் நின்றவர்கள் அவர்கள்.

போகாதவர்கள் மலையிலேயே இருந்தார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் துரை. மாலையில் படைப் பயிற்சியில் சிப்பாய் அல்லது அதிகாரி.

இந்த இரண்டு வேலைக்கும் பொதுவான ஒன்று உண்டு: ஏடு.

தோட்டத்தில் செக்ரோல். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராக அழைப்பார். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர்; கொழுந்து குறைந்தால், நேரம் தப்பினால், அரைப் பேர். மாதக் கடைசியில் அரிசிக் கடன், கம்பளிக் கடன், முன்பணம் எல்லாம் கழிந்து மிச்சம் எவ்வளவு என்பதையும் அந்த ஏடுதான் சொல்லும். தொழிலாளி தோட்டத்தை விட்டு ஓடினால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். நீதவான் முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்பலாம். அந்தச் சட்டத்தின் சிறைத்தண்டனை நீங்க 1920களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படையில் நடத்தைத் தாள். அதன் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த வாரத்தின் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

*

தொப்பியைக் கழற்றி உள்ளே வா

பிரித்தானிய இராணுவச் சட்டத்தில் தண்டிக்க இரண்டு வாசல்கள் இருந்தன. சிறிய வாசல் கட்டளை அதிகாரியின் அறை. பெரிய வாசல் இராணுவ நீதிமன்றம்.

சிறிய வாசலில் எல்லாம் சில நிமிட வேலை. குற்றம் சாட்டப்பட்ட சிப்பாய் தொப்பியும் இடுப்புவாரும் இல்லாமல் உள்ளே நடத்தி வரப்படுவான். சார்ஜன்ட் குற்றத்தை வாசிப்பார். சாட்சி இரண்டு வார்த்தை சொல்வார். 'நீ என்ன சொல்கிறாய்?' என்று ஒரு கேள்வி. பிறகு தீர்ப்பு. கம்பனி அதிகாரி ஏழு நாள் வரை பாசறைக்குள் அடைத்து வைக்கலாம். படைப்பிரிவுத் தளபதி 28 நாள் வரை தடுப்புக் காவல் கொடுக்கலாம்.

இவ்வளவு வேகமான நீதிக்குக் கடிவாளமாக இருந்தது காகிதம்தான். குற்ற அறிக்கையில் பெயர், இலக்கம், குற்றம் நடந்த இடம், திகதி, சாட்சிகளின் பெயர், தண்டனை, தண்டித்தவரின் கையொப்பம் எல்லாம் இருக்க வேண்டும். சின்னக் குற்றம் கம்பனி நடத்தைத் தாளில் ஏறும். பெரியது படைப்பிரிவின் தாளில் ஏறி, சிப்பாய் எந்த ஊருக்கு மாறினாலும் கூடவே போகும். சாட்சி சத்தியம் செய்து பேச வேண்டும் என்று சிப்பாய் கேட்கலாம். சம்பளம் வெட்டப்படும் தண்டனை என்றால், 'உங்கள் தீர்ப்பு வேண்டாம், இராணுவ நீதிமன்றம் வேண்டும்' என்றும் கேட்கலாம்.

குடித்துவிட்டு அணிவகுப்புக்குத் தாமதமாக வந்த ஒரு சிப்பாய்க்கு இவ்வளவு எழுத்து.

பெரிய வாசலுக்குப் போனால் எழுத்து இன்னும் கூட வேண்டும் அல்லவா? சாதாரண காலத்தில் கூடும். போர்க்களத்தில் குறையும். களத்துக்கென்றே சுருக்கிச் செய்த ஒரு நீதிமன்றம் இருந்தது: கள இராணுவ நீதிமன்றம். முழு நீதிமன்றத்தைக் கூட்ட வசதியில்லாத இடத்தில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தால் போதும். சட்டம் படித்த ஆலோசகர் கட்டாயமில்லை. மூவரும் ஒருமித்தால் மரண தண்டனை. உறுதிப்படுத்தும் அதிகாரி கையொப்பமிட்டால் அதுவே முடிவு. மேல்முறையீடு கிடையாது, இராணுவ நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக முறையிட ஒரு நீதிமன்றம் பிரித்தானியாவில் அமைந்ததே 1951இல்தான்.

அந்த நீதிமன்றத்துக்கான படிவத்தில் ஐந்து கட்டங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பெயர். குற்றம். ஒப்புக்கொண்டாரா, மறுத்தாரா. தீர்ப்பும் தண்டனையும். உறுதிப்படுத்தும் அதிகாரி என்ன செய்தார்.

சாட்சி சொன்னதற்குக் கட்டம் இல்லை. அதைத் தனித் தாளில் எழுதி இணைக்க வேண்டும். எவ்வளவு எழுதுவது என்பது அங்கே உட்கார்ந்திருப்பவரின் கையைப் பொறுத்தது.

1915 ஜூனில் இந்தக் களத்துப் படிவம் இலங்கையில் விரிக்கப்பட்டது. எதிரிப் படை எங்கும் இல்லை. கச்சேரிகள் திறந்திருந்தன. நீதவான்கள் தங்கள் நாற்காலியில் இருந்தார்கள்.

*

கப்டன் பேதிரிஸ்

துவெனுகே எட்வர்ட் ஹென்றி பேதிரிஸுக்கு அப்போது 26 வயது. கொழும்பின் பெரிய செல்வந்தர்களுள் ஒருவரின் மகன். போர் தொடங்கியதும் உருவான கொழும்பு நகரக் காவற்படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, குறி தவறாமல் சுடும் திறமையால் ஓராண்டுக்குள் கப்டன் ஆனவர். காவற்படையில் அந்த இடத்தை எட்டிய சிங்களவர் அன்று அரிது.

கலவர நாட்களில் புறக்கோட்டையைக் காக்கும் பொறுப்பு அவரிடமும் இருந்தது. பேலியகொடைப் பக்கமிருந்து நகருக்குள் வந்த கூட்டத்தை அவர் பேசித் திருப்பி அனுப்பினார் என்றனர் அவரை அறிந்தவர்கள். கூட்டத்தைத் தூண்டிவிட்டார், சுட்டார் என்றது குற்றப்பத்திரிகை.

தேசத்துரோகம். கடை உடைத்தல். கொலை முயற்சி. கொல்லும் நோக்குடன் காயப்படுத்தியமை.

நான்கு குற்றங்கள். ஜூலை முதல் வாரத்தில் சில நாட்களில் விசாரணை முடிந்தது. தீர்ப்பு: மரணம். கருணை கேட்டுப் போன மனுக்கள் பலிக்கவில்லை.

இங்கே ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. கலவரம் ஜூன் முதல் வாரத்தோடு தணிந்துவிட்டது. பேதிரிஸ் சுடப்பட்டது ஜூலை 7ஆம் திகதி. தெருவில் கல் எறிபவர் ஒருவரும் இல்லாத ஒரு மாதத்துக்குப் பின். இந்த வழக்கைச் சாதாரண நீதிமன்றத்தில் யூரிமார் முன் வைத்து நடத்தத் தடையாக அன்று என்ன இருந்தது?

வெலிக்கடைச் சிறைக்குள் பஞ்சாப் படையினரின் துப்பாக்கிகள் அவரைச் சாய்த்தன. அடுத்த கூடங்களில் டி. எஸ். சேனநாயக்க, எஃப். ஆர். சேனநாயக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா, ஆதர் வீ. டயஸ் போன்ற தலைவர்கள் அடைபட்டிருந்தனர். இரத்தம் தோய்ந்த நாற்காலியை அவர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள் என்பது இன்றும் சொல்லப்படும் செய்தி.

அநாகரிக தர்மபாலவின் தம்பி எட்மன்ட் ஹேவாவிதாரணவும் இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு ஆயுட்சிறைக்குப் போனார். அதே ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணச் சிறையில் நோயுற்று இறந்தார்.

ஐந்து கட்டங்களும் நிரம்பின. ஐந்தாவது கட்டத்தில் கையொப்பம் விழுந்தபின் கேட்க யாரும் இல்லை.

*

எழுதப்படாதவர்கள்

பேதிரிஸின் பெயராவது ஒரு தாளில் இருந்தது. இராணுவச் சட்ட நாட்களின் இருண்ட பகுதி அதற்கு வெளியே.

கலவரத்தை அடக்கும்போது படையினரும் பொலிஸாரும் 63 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கு. இவர்களுள் எத்தனை பேர் கடை உடைத்துக்கொண்டிருக்கையில் விழுந்தார்கள்? எத்தனை பேர் பிடிபட்டு, நிறுத்தப்பட்டு, பின் சுடப்பட்டார்கள்? கேகாலை மாவட்டத்திலிருந்து வந்த மனுக்கள் இரண்டாவது வகையைச் சொன்னன. வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள், விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை, தெருவோரத்தில் சுட்டார்கள். சுட்ட அணிகளில் தொண்டர்களாகச் சேர்ந்த துரைமாரும் இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

கலவரத்தின் களம் சிங்களக் கிராமமும் கடைவீதியும், தோட்டத் தொழிலாளரின் லயங்கள் அல்ல. ஆனால் லயத்துக்காரனுக்கு அந்தத் துரையைத் தெரியும். அவரது ஏட்டையும் தெரியும். ஒரு பெண் பத்து நிமிடம் தாமதித்தால் அரைப் பேர் என்று மறக்காமல் எழுதவைத்த ஒழுங்கு அது. ஓர் ஆயுளுக்கு ஒரு வரி எழுத அந்த ஒழுங்குக்கு நேரம் இருக்கவில்லை.

மறதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. செக்ரோல் துரைக்குத் தேவையான சாட்சி. நாளை வழக்கு வந்தால் அவரைக் காக்கும். தெருவோரச் சூட்டைப் பற்றிய தாள் அவருக்கு எதிரான சாட்சி. ஏடு எழுதும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, எதை எழுதாமல் விடுவது என்ற அதிகாரமும் அவர் கையில்தான்.

நட்டஈட்டுப் பணத்தில் இதன் மறுபக்கம் தெரிந்தது. சூறையாடப்பட்ட கடைகளுக்கு ஈடு கட்ட, விசேட ஆணையாளர்கள் ஊர் ஊராகப் போய்ச் சிங்களவரிடம் வசூலித்தார்கள். அந்த வேலையிலும் துரைமார் இருந்தனர். அங்கே எழுத்து குறையவே இல்லை: இத்தனை ரூபாய் தருவேன் என்ற முறிகள், கைநாட்டுகள், பற்றுச்சீட்டுகள். இராணுவ நீதிமன்றத்துக்குப் போகிறாயா, முறியில் கையெழுத்து வைக்கிறாயா என்று மிரட்டி வாங்கியவை பல என்று பின்னர் சட்டசபையில் முழக்கம் எழுந்தது.

*

கதவு பூட்டப்படுகிறது

இராணுவச் சட்டம் 1915 ஓகஸ்ட் 30 வரை நீடித்தது. அது நீங்குவதற்கு முன்பே ஒரு பூட்டுத் தயாராகிவிட்டது.

அந்த ஓகஸ்டில் இலண்டனில் மன்னரின் பேரவைக் கட்டளையாக இலங்கைக் காப்புறுதிக் கட்டளை பிறந்தது. இராணுவச் சட்ட காலத்தில் ஒழுங்கைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக எந்த அதிகாரிமீதும், சிப்பாய்மீதும், தொண்டர்மீதும் வழக்குத் தொடர முடியாது. இராணுவ நீதிமன்றங்கள் கொடுத்த தண்டனைகளும் சட்டப்படி செல்லும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? விசாரணை நடந்த இடத்தில், மெலிந்த பதிவைத் திறந்து பார்க்க நீதிமன்றம் இல்லை. விசாரணையே நடக்காத இடத்தில், திறக்கப் பதிவே இல்லை.

இலங்கைக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல இது. அடுத்த ஆண்டு மே மாதம் டப்ளினில் ஐரியக் கிளர்ச்சித் தலைவர்கள் இதே கள இராணுவ நீதிமன்றங்களின் முன் நிறுத்தப்பட்டனர். மூடிய அறை, வழக்கறிஞர் இல்லை, சில விசாரணைகள் நிமிடக் கணக்கில் முடிந்தன. மே 3ஆம் திகதிக்கும் 12ஆம் திகதிக்கும் இடையில் பதினைந்து பேர் சுடப்பட்டனர். விசாரணைக் குறிப்புகளை வெளியிடக் கோரிக்கை எழுந்தபோது அரசு தயங்கியது. சாட்சியம் எவ்வளவு மெலிந்தது என்பது வெளியே தெரிந்துவிடும். அந்தத் தாள்களை மக்கள் பார்க்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பிரித்தானியாவின் சொந்தச் சிப்பாய்களுக்கும் அதே கதி. அந்தப் போரில் கள இராணுவ நீதிமன்றங்கள் விசாரித்த வழக்குகளில் பெரும்பாலானவற்றின் கோப்புகள் பின்னர் அழிக்கப்பட்டன. பதிவேட்டில் ஒற்றை வரி மட்டும் மிஞ்சியது. முழுக் கோப்பு தப்பியது பெரும்பாலும் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கே. அந்தக் கோப்புகள் இருந்ததால்தான் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்க முடிந்தது. 2006இல் 306 பேருக்கு மன்னிப்புச் சட்டம் வந்தது.

தாள் இருந்தால் தொண்ணூறு ஆண்டு கழித்தாவது ஒரு கேள்வி. தாள் இல்லாதவர்கள்?

*

எதிர் ஏடு

இந்த இடத்தில் ஒரு தமிழர் எழுந்து நிற்கிறார்.

பொன்னம்பலம் இராமநாதன். படித்த இலங்கையரின் பிரதிநிதியாக 1911இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை உறுப்பினர். அதற்குமுன் பல ஆண்டுகள் அரசின் சொலிசிட்டர் ஜெனரல். வழக்குக் கோப்பில் எது இருக்க வேண்டும், எது இல்லாவிட்டால் வழக்கு விழும் என்பதை அரசுப் பக்கம் உட்கார்ந்தே கற்றவர்.

அவர் வாதத்தின் ஆணிவேர் எளியது. ஜூன் முதல் வாரத்தோடு கலவரம் ஓய்ந்தது. நாட்டின் நீதிமன்றங்கள் திறந்திருந்தன. அப்படியானால் மூன்று மாத இராணுவச் சட்டம் எதற்கு? போர்க்களமே இல்லாத நாட்டில் போர்க்கள நீதிமன்றம் எதற்கு?

சட்டசபையில் அவர் பேசிய பேச்சுகளின் கூர்மை நமக்குத் தெரியும். அதைவிட முக்கியம், அவை பேசப்பட்ட இடம். சட்டசபையில் பேசினால் அது ஹன்சார்ட் என்ற சபைப் பதிவேட்டில் ஏறும். ஏறியதை எந்தக் காப்புறுதிக் கட்டளையாலும் அழிக்க முடியாது. நீதிமன்றக் கதவு மூடியிருக்க, அவர் வேறொரு ஏட்டைத் திறந்தார். கணவனை இழந்தவர்களும் தகப்பனை இழந்தவர்களும் சத்தியக்கடதாசிகளில் தங்கள் கதையைச் சொன்னார்கள். இராணுவம் எழுதாமல் விட்டதை அவர்கள் எழுத வைத்தார்கள்.

பின் அவர் கப்பலேறினார். ஜேர்மன் நீர்மூழ்கிகள் திரிந்த கடல். 1916இல் இலண்டனில் 'இலங்கையில் கலவரங்களும் இராணுவச் சட்டமும்' என்ற அவருடைய ஆங்கில நூல் அச்சேறியது. அதே ஆண்டு கொழும்புப் பத்திரிகையாளர் ஆர்மண்ட் டி சூசா, அந்த இராணுவச் சட்ட நாட்களைத் தன் நூலில் பதிந்தார். வழக்கறிஞர் ஈ. டபிள்யூ. பெரேரா இலண்டன் போனபோது, பிரிகேடியர் ஜெனரல் மல்கமின் இரகசிய இராணுவக் கட்டளையின் பிரதியைச் சப்பாத்தின் அடியில் மறைத்துக் கொண்டுபோனார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

சப்பாத்துக் கதையில் எவ்வளவு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு தாளை மறைத்துக் கடல் கடத்த வேண்டிய நிலை வந்தது என்று ஒரு நாடே நம்பியதல்லவா? பதிவு எதற்கு என்பது அன்று எல்லாருக்கும் புரிந்திருந்தது.

*

புதிய ஆளுநர்

சால்மர்ஸ் 1915 டிசம்பரில் நாட்டை விட்டுப் போனார். 1916 ஏப்ரலில் சேர் ஜோன் அண்டர்சன் ஆளுநராக வந்து இறங்கினார். அவருடைய மேசையில் காத்திருந்த மூட்டைகளுள் ஒன்று, கேகாலைச் சூடுகள் பற்றியது.

அவற்றைப் புரட்டிய அண்டர்சன் தள்ளி வைக்கவில்லை. விசாரிக்க ஓர் ஆணைக்குழு அமைந்தது.

காப்புறுதிக் கட்டளை எல்லாவற்றையும் மூடவில்லை. 'நல்லெண்ணத்துடன்' என்று ஒரு சிறு இடுக்கை விட்டிருந்தது. சுட்டவர் நல்லெண்ணத்துடன்தான் சுட்டாரா என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். எதை வைத்து? குற்றப்பத்திரிகை இல்லை. மறுத்தானா, ஒப்புக்கொண்டானா என்ற கட்டம் இல்லை. தீர்ப்பு இல்லை, உறுதிப்படுத்திய கையொப்பம் இல்லை.

ஆணைக்குழுவின் முன் ஒருபுறம், துப்பாக்கி பிடித்தவரின் ஞாபகம். மறுபுறம், வாசலில் நின்று பார்த்த மனைவியின் ஞாபகம். இடையில் வைக்க ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

எழுதாமல் விட்டது யாருடைய பிழையோ, சந்தேகத்தின் பலனும் அவருக்கே போகுமா? இல்லை, எழுதாமல் விட்டதே அவருக்கு எதிரான முதல் சாட்சியாக நிற்குமா?

(அடுத்த வாரம்: கேகாலை ஆணைக்குழு)